சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

மாலை ஏழு மணிக்கு எந்த ஊர் மெடிக்கல் கடையில் போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். "அண்ணே, இடுப்பு வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க." கடைக்காரர் கத்தரிக்கோலால் ஓர் அட்டையில் இரண்டு, இன்னோர் அட்டையில் இரண்டு என்று நறுக்கிச் சின்னக் காகித உறையில் போடுகிறார். "இந்தச் சின்னது எதுக்குண்ணே?" "அது கேஸுக்கு." வந்தவர் தலையாட்டிவிட்டுக் கிளம்புகிறார். வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, இரண்டு மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்குவார். வலி மாத்திரை அதன் வேலையைச் செய்துவிடும். சின்னது அரை வேலைதான் செய்யும். முன்னா பின்னா என்று அவரும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமாக இருக்கும். கேஸுக்கும் அதற்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. ஏப்பமாக வருவது நாம் விழுங்கிய காற்று. கீழே போவது பெருங்குடலில் கிருமிகள் சாப்பாட்டு மிச்சத்தை நொதிக்க வைப்பதால் உண்டாவது. பான்டோபிரசோல் அந்த இரண்டின் பக்கமும் போகாது. அது அமிலத்தைக் குறைக்கிற மருந்து. நம் ஊரில் நெஞ்செரிச்சல், புளியேப்பம், மேல்வயிற்று வலி, வயிற்று உப்புசம், சில சமயம் முதுகுப் பிடிப்புகூட 'கேஸ்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுவதால், மருந்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயர் தப்பாக இருந்தால் பரவாயில்லை என்று விடலாம். ஆனால் பெயர் தப்பானதால் எப்போது போடுவது, எத்தனை நாள் போடுவது, யாருக்குத் தேவை என்கிற மூன்றும் தப்பாகிவிடுகின்றன.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பை நீர் சுரக்கிறது. அதிலிருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் 1820களிலேயே கண்டுபிடித்துவிட்டார். ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் செறிவாக ஹைட்ரஜன் அயனிகளை அந்தச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. உடம்பில் வேறு எங்கும் இவ்வளவு கடுமையான இறைப்பு வேலை நடப்பதில்லை.

இறைப்பு என்றதும் நமக்குப் பம்ப்செட் நினைவுக்கு வரும். உவமை கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான மோட்டார்கள். அவற்றுக்கு மூன்று சுவிட்சுகள். ஒன்று மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக வருவது: தாளிப்பு வாசனை மூக்கில் ஏறியதுமே தட்டப்படும் சுவிட்ச் இதுதான். இரண்டாவது, சாப்பாடு உள்ளே விழுந்ததும் ரத்தத்தில் கலக்கும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன். மூன்றாவது, பக்கத்துச் செல்களிலிருந்து வரும் ஹிஸ்டமின். நரம்பும் காஸ்ட்ரினும் பெரும்பாலும் இந்த ஹிஸ்டமினைக் கிளப்பிவிட்டே வேலையை நடத்திக்கொள்கின்றன. அல்சர் சிகிச்சையின் வரலாறு முழுவதையும் இந்தப் பம்ப்செட்டை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் வெளியே வந்த நீரைச் சமாளித்தார்கள். பிறகு ஒரு சுவிட்சின் ஒயரை அறுத்தார்கள். பிறகு இன்னொரு சுவிட்சை அடைத்தார்கள். கடைசியில் மோட்டாரையே முடக்கினார்கள்.

வெளியே வந்ததைச் சமாளிப்பது என்றால் ஜெலுசில், டைஜீன் வகையறா. சித்த மருத்துவம் இந்த வயிற்றுக் கோளாறுகளைக் குன்மம் என்ற பெயரில் எட்டு வகையாகப் பிரித்தது. வீட்டு வைத்தியத்தில் மோர், ஆப்ப சோடா. மேல்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோயாளிக்கு மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் கொடுத்துக் கூடவே காரப் பொடியும் கொடுத்தார்கள். அமிலத்தோடு காரம் சேர்ந்தால் உப்பும் நீரும் என்பது பள்ளிக்கூட வேதியியல். சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கும், வெறும் வயிற்றில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தாங்கும். இந்தத் திரவங்களில் மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: மெக்னீசியம் தனியாகப் போனால் வயிற்றோட்டம், அலுமினியம் தனியாகப் போனால் மலச்சிக்கல். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். ஆப்ப சோடாவில் இந்தத் தந்திரமெல்லாம் கிடையாது. அது அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும். பெரிய ஏப்பமாக வரும், 'கேஸ் போயிடுச்சு' என்று நிம்மதியாக இருக்கும். அந்த வாயுவை உண்டாக்கியதே சோடாதான்! ரத்த அழுத்தக்காரர்களுக்கு அதிலுள்ள சோடியம் ஆகாது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஆல்ஜினேட். தண்ணீரில் கரைந்து, அமிலத்தைத் தொட்டதும் கூழாக உறைந்து, இரைப்பை நீரின் மேல் ஒரு தெப்பம் போல மிதக்கும். எதுக்களித்து மேலே வரப் பார்க்கும் அமிலத்துக்கு மூடி போட்டது மாதிரி. இந்த ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ராமேஸ்வரம், மண்டபம் கரையோரத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி எடுக்கிற பாசிகளில் கட்டக்கோரை, பக்கோடா என்று அவர்கள் சொல்லும் இரண்டு வகை இதற்கானவைதான். பாட்டிலில் புதினா வாசனையோடு வருகிற சிரப்பைக் குடிக்கும்போது கடல் நினைவு யாருக்கும் வராது.

ஒயரை அறுத்த கதைக்கு என் பெரியப்பாவே சாட்சி. சட்டையைக் கழற்றினால் நெஞ்செலும்பின் அடியிலிருந்து தொப்புள் வரை நேர்க்கோடாக ஒரு தழும்பு. எழுபதுகளில் அரசு ஆஸ்பத்திரியில் செய்த ஆபரேஷன். சிறுகுடல் தொடக்கத்தில் புண், ஆறி ஆறித் தழும்பேறி, வழியே அடைத்துப்போய், முந்தைய நாள் தின்ற சோறு அப்படியே வாந்தியாக வந்ததாம். வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறோர் இடத்தில் இணைத்தார்கள். அந்தத் தலைமுறை சர்ஜன்களுக்கு இது தினசரி வேலை. சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1943இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. பெரியப்பாவுக்கு வலி போனது. ஆனால் கடைசிவரை விருந்துச் சாப்பாடு சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்துத் திண்ணையில் படுத்துவிடுவார். இரைப்பையின் வாசற்கதவை மாற்றி வைத்ததன் விலை அது.

அன்று தென்னிந்தியாவில் இந்தப் புண் மிக அதிகம். ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா 1960களில் ரயில்வே தொழிலாளர்களை ஆராய்ந்து, கோதுமை தின்னும் வடக்கைவிட அரிசி தின்னும் தெற்கில் சிறுகுடற்புண் பல மடங்கு கூடுதல் என்று எழுதினார். மைசூரில் பணியாற்றிய ஆங்கில அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவியும் இதையே பல ஆண்டுகள் துரத்தினார். தீட்டிய அரிசியா, மென்று தின்னாததா, எண்ணெயா என்று விவாதம் போனது. காரம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மிளகாய் எரிச்சலைக் கூட்டும், உண்மை. புண்ணை உண்டாக்கியது மிளகாய் இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

அதற்கு முன் ஹிஸ்டமின் சுவிட்ச். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் ஏற்கெனவே இதய நோய்க்கு புரோபிரானலால் என்ற மருந்தைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர். 1964இல் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் கம்பெனியின் இங்கிலாந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் வயிற்று அமிலத்தை அசைக்கவில்லையே, அப்படியானால் ஹிஸ்டமின் சாவி போல நுழையும் பூட்டு இரைப்பையில் வேறு வகையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்த்து, 1972இல் அந்தப் பூட்டு இருப்பதை நிரூபித்தார்கள். முதல் மருந்து வாய்வழி கொடுத்தால் வேலை செய்யவில்லை. இரண்டாவது புண்ணை ஆற்றியது, ஆனால் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களைச் சரித்தது. மூன்றாவது சிமெடிடின். 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சர்ஜன்களின் கத்தி ஓய்வெடுக்கத் தொடங்கியது அந்த ஆண்டிலிருந்துதான். பிளாக்குக்கு 1988இல் நோபல்.

சிமெடிடினைப் பின்னுக்குத் தள்ளியது 1981இல் கிளாக்சோ கொண்டுவந்த ரானிடிடின். நம் ஊரில் ரான்டாக், அசிலாக் என்றால் தெரியாதவர்கள் குறைவு. அதன் முடிவு விசித்திரமானது. 2019இல் ரானிடிடின் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள் இருப்பது தெரியவந்தது. தொழிற்சாலைக் கலப்படம் மட்டும் காரணம் இல்லை, ரானிடிடின் மூலக்கூறே மெல்லச் சிதைந்து அதை உண்டாக்குகிறது. வெப்பத்தில் வைத்தால் இன்னும் வேகமாக. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் சந்தையிலிருந்தே எடுத்துவிடச் சொன்னது. இந்தியாவில் 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், ஆனால் தடை செய்யவில்லை. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகப் பெரிய ஆய்வுகள் எதுவும் உறுதியாகக் காட்டவில்லை, பழைய பயனாளிகள் பதற வேண்டியதில்லை. அதே குடும்பத்தில் ஃபாமோடிடினுக்கு இந்தக் கோளாறு கிடையாது. இரவில் மட்டும் எரிச்சல் வருகிறவர்களுக்கு அது இன்றும் நல்ல மருந்து. ஒரே குறை: தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும், பலன் மங்கும். ஒரு சுவிட்சை அடைத்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டப் பார்க்கின்றன, அதனால்தான்.

மோட்டாரையே நிறுத்தும் மருந்து ஸ்வீடனில் பிறந்தது. கோதன்பர்க் பக்கத்தில் மோண்டால் என்ற ஊரிலிருந்த ஆஸ்ட்ரா ஹெஸ்லே ஆய்வகம் 1979இல் ஒமிபிரசோலைத் தயாரித்தது. நடுவில் எலிகளுக்கு நீண்டகாலம் கொடுத்தபோது இரைப்பையில் கட்டிகள் தோன்றியதால் 1984இல் சோதனைகளை நிறுத்த வேண்டி வந்தது. அமிலம் வற்றியதால் காஸ்ட்ரின் எகிறியதன் விளைவு அது, மருந்தின் நேரடி நஞ்சு இல்லை என்று காட்டிய பிறகே மறுபடி தொடர்ந்தார்கள். 1988இல் லோசெக் என்ற பெயரில் வெளிவந்தது. அமெரிக்காவில் இந்தப் பெயரைச் சிறுநீர் பிரியக் கொடுக்கும் லாசிக்ஸ் மாத்திரையோடு குழப்பிக்கொண்டு மாற்றிக் கொடுத்ததால், 1990இல் பிரிலோசெக் என்று பெயரை மாற்றினார்கள். டாக்டர் கையெழுத்துப் பிரச்சினை நமக்கு மட்டுமானது இல்லை என்று ஓர் ஆறுதல். பின்னாலேயே லான்சோபிரசோல், பான்டோபிரசோல், ராபிபிரசோல், எசோமிபிரசோல் எல்லாம் வந்தன. கம்பெனி பிரதிநிதிகள் என்ன சொன்னாலும், சரியான அளவில் கொடுத்தால் இவற்றுக்குள் வித்தியாசம் பெரிதாக இல்லை.

இந்தக் குடும்பத்தின் வேலை முறையைத் தெரிந்துகொண்டால் தலைப்பிலுள்ள கேள்விக்குத் தானே விடை கிடைக்கும். மாத்திரை நேராக இரைப்பையில் எதையும் செய்வதில்லை. அமிலம் பட்டால் அதுவே சிதைந்துவிடும் என்பதால் மேலே ஒரு பூச்சு போட்டிருக்கிறார்கள். பூச்சோடு சிறுகுடலுக்குப் போய், அங்கே கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றிக்கொண்டு அமிலச் செல்லுக்குப் பின்பக்கமாக வந்து சேர்கிறது. அங்கே அமிலம் கொட்டும் நுண்குழாய்க்குள் நுழைந்ததும்தான் உருமாறி, மோட்டாரைப் பிடித்து நிரந்தரமாகப் பூட்டுகிறது. அதாவது, எந்த அமிலத்தை நிறுத்த வந்ததோ அந்த அமிலமே இதைச் செயலுக்குக் கொண்டுவர வேண்டும். ஓடுகிற மோட்டாரைத்தான் பூட்ட முடியும், ஓய்ந்து கிடப்பதை முடியாது. ரத்தத்தில் இந்த மருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும், மோட்டார்கள் முழுவீச்சில் ஓடும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். மோட்டார்களை ஓட்டிவிடுவது சாப்பாடு. இரவு முழுக்கப் பட்டினிக்குப் பிறகு வரும் காலைச் சாப்பாடு எல்லாவற்றையும்விட அதிகமாக. எனவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பதினொரு மணி வரை இருந்தாலும் வீண்தான், இட்லிக்குப் பிறகு போட்டாலும் பாதி வீண். முதல் நாளே முழுப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. பூட்டுப்படாத மோட்டார்களை அடுத்தடுத்த நாள் பூட்டி, மூன்று நாளில்தான் வேகம் பிடிக்கும். ஆகவே எரிச்சல் வந்த நேரத்தில் 'ஒண்ணு போட்டா சரியாகும்' என்று விழுங்குவதற்கு இது ஏற்ற மருந்து இல்லை. அந்த நேரத்துக்கு ஜெலுசில்தான் சரி.

மாத்திரையை இரண்டாக ஒடித்துப் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. '40 ரொம்ப ஹீட்டு, பாதி போடறேன்' என்பார்கள். ஒடித்தால் பூச்சு போச்சு, பூச்சு போனால் மருந்து இரைப்பையிலேயே கெட்டுவிடும். குறைந்த அளவு வேண்டுமென்றால் 20 மில்லிகிராம் மாத்திரையே கிடைக்கிறது. ஒமிபிரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் குட்டி உருண்டைகளும் அப்படித்தான், தனித்தனியாகப் பூச்சு போட்டவை. விழுங்க முடியாதவர்கள் கேப்சூலைத் திறந்து உருண்டைகளை ஆப்பிள் கூழ் போன்றவற்றில் தூவி விழுங்கலாம், மெல்லக் கூடாது.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம். அதுவும் காலையில் வெறும் வயிற்றில், இதுவும் வெறும் வயிற்றில். எழுந்ததும் தைராய்டு, அரை மணி கழித்து இது, அதற்கு அரை மணி கழித்து டிபன் என்று பழகிக்கொள்ளலாம். அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்சினின் உட்கிரகிப்பும் சற்றுக் குறையும் என்பதால், தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் அளவை இடையில் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஜெலுசிலையும் சுக்ரால்ஃபேட்டையும் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

சுக்ரால்ஃபேட் என்பது அந்த இளஞ்சிவப்பு சிரப். சர்க்கரை மூலக்கூறில் அலுமினியம் சேர்த்தது. அமிலத்தைத் தொடாமல், புண் இருக்கும் இடத்தில் பசை போல ஒட்டிப் படலம் போடும். சாப்பாடு குறுக்கே வராமல் புண்ணில் ஒட்ட வேண்டும் என்பதால் இதுவும் வெறும் வயிற்றில்தான்.

இனிப் புண்ணின் மூலகாரணம். இதுவரை சொன்ன எந்த மருந்தாலும் புண் ஆறும், ஆனால் நிறுத்தினால் ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு மறுபடி வரும். மருந்துக் கம்பெனிகளுக்கு இது வசதியான ஏற்பாடு. அதைக் கெடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து இருவர். நோய்க்கூறு வல்லுநர் ராபின் வாரன் 1979லிருந்து இரைப்பைத் திசுக்களில் சுருண்ட கிருமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிலத்தில் கிருமி வாழாது என்ற பாடத்தால் யாரும் பொருட்படுத்தவில்லை. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்கப் பலமுறை முயன்றார்கள், இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காததால் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அவ்வளவு மெதுவாக வளரும் சோம்பேறிக் கிருமி! அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் இரைப்பை அழற்சி, அங்கே அதே கிருமி. 2005இல் இருவருக்கும் நோபல். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியை 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை, புற்று உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

தெற்கு வடக்குக் கணக்குக்கு இந்தக் கிருமி மட்டுமே விடையாகாது. கிருமி நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது, புண் மட்டும் தெற்கில் கூடுதலாக இருந்தது. கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதுமில்லை. ஆனால் புண் வந்தவருக்குக் கிருமி இருந்தால் அதைத் தொலைத்தாக வேண்டும். அமில மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக் சேர்த்து 14 நாள். கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் இரண்டுக்கும் அடங்காத கிருமிகள் பெருகிவிட்டதால், இப்போது பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்த்த நான்கு மருந்துக் கூட்டணியைத்தான் பல வழிகாட்டு நெறிகள் முதலில் வைக்கின்றன. ஒரு கை நிறைய மாத்திரை, வாயெல்லாம் உலோகக் கசப்பு, ஐந்தாவது நாளில் விட்டுவிடத் தோன்றும். விட்டால் மிஞ்சுவது மருந்துக்குப் பழகிய கிருமி. பிஸ்மத் எடுக்கும்போது மலமும் நாக்கும் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பிஸ்மத்தோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுக்காதபோது தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றத்தோடு போனால் அது புண்ணிலிருந்து ரத்தம். அன்றே ஆஸ்பத்திரி. கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யப் போகிறவர்கள் அமில மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும், ரிப்போர்ட் 'இல்லை' என்று வரும். இதைச் சொல்லாமலே டெஸ்ட்டுக்கு அனுப்பிய ஒரு மருத்துவமனையில் நானே பணத்தை விட்டிருக்கிறேன்.

புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் அந்தக் காகித உறையிலேயே இருந்தது: வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இரைப்பையின் உள்பூச்சைக் காப்பதும் அதே பொருள்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது பாதி உண்மை. மருந்து ரத்தத்தில் போயும் அந்த வேலையைச் செய்யும், ஊசியாகப் போட்டாலும் செய்யும். ஆகவே கடைக்காரர் சேர்த்துக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 65 வயதைத் தாண்டியவர், முன்பு அல்சர் வந்தவர், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ ஸ்டீராய்டோ கூடவே எடுப்பவர்: இவர்களுக்கு அவசியம். 25 வயதுப் பையனுக்கு இரண்டு நாள் வலி மாத்திரைக்குத் தேவையில்லை. பாரசிட்டமாலோடும் சளிக்கான ஆன்டிபயாடிக்கோடும் சேர்த்து எழுதுவது வெறும் பழக்கதோஷம்.

பான்-டி போன்ற கூட்டு மாத்திரைகளில் பான்டோபிரசோலோடு வரும் 'டி' என்பது டோம்பெரிடோன். வாந்தியை நிறுத்தும், இரைப்பை சீக்கிரம் காலியாக உதவும். இதயத் துடிப்பின் லயத்தைச் சிலருக்குக் குலைக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் குறைந்த அளவில், அதிகபட்சம் ஒரு வாரம் என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடையாது. இங்கே அதையும் வருடக்கணக்கில் தினமும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எரிச்சல் மட்டும்தான் பிரச்சினை என்றால் 'டி' இல்லாததே போதும்.

எத்தனை நாள்? சிறுகுடற்புண்ணுக்கு நான்கு வாரம், இரைப்பைப் புண்ணுக்கும் எதுக்களிப்புக்கும் எட்டு வாரம் வழக்கமான கணக்கு. உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், அதன் உள்சுவரில் பாரெட் என்ற மாற்றம் ஏற்பட்டவர்கள், ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெலும் சேர்த்து எடுக்கும் வயதானவர்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும், பயந்து நிறுத்தக் கூடாது. ஆனால் குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஒமிபிரசோலும் எசோமிபிரசோலும் வேண்டாம். குளோபிடோக்ரெலைச் செயலுக்குக் கொண்டுவரும் கல்லீரல் நொதியை அவை தடுக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009லேயே எச்சரித்தது. பான்டோபிரசோல் அந்த விஷயத்தில் சாது.

மற்றவர்கள் ஏன் நிறுத்த முடியாமல் தவிக்கிறார்கள் என்பதற்கு டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தந்தது. 2009இல் வெளியானது. வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். பின் வந்த வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம், அஜீரணம் எட்டிப் பார்த்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். மோட்டார் பூட்டப்பட்டிருந்த காலமெல்லாம் உடம்பு 'அமிலம் போதவில்லை' என்று காஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே இருந்தது. பூட்டு விலகியதும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் இரைகின்றன. நோய் திரும்பிவிட்டதென்று நினைத்து மறுபடி மாத்திரையை எடுக்கிறோம். இது சில வாரங்களில் தானே அடங்கும். அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் ஆல்ஜினேட்டோ ஜெலுசிலோ என்று டாக்டரிடம் பேசி இறங்கினால் பெரும்பாலோரால் வெளியே வர முடியும்.

பக்கவிளைவு பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு. கிட்னி போகும், எலும்பு முறியும், மறதி நோய் வரும். நீண்டகாலம் எடுப்பவர்களைக் கவனித்த ஆய்வுகளில் இந்தத் தொடர்புகள் தெரிந்தன, உண்மை. ஆனால் ஏற்கெனவே நோய் பல உள்ளவர்கள்தான் இந்த மாத்திரையையும் அதிகம் எடுக்கிறார்கள், எது எதனால் என்று பிரிப்பது கடினம். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 17,598 இதய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்குப் பான்டோபிரசோல், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, சராசரி மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றுதான்: 1.0 சதவீதம் 1.4 ஆனது. அமிலம் என்பது தண்ணீரிலும் தெருவோரச் சட்னியிலும் வரும் கிருமிகளுக்கான காவல், காவலைத் தளர்த்தினால் இது நடக்கும். மூன்று ஆண்டுக்கு மேல் என்ன என்பதை அந்த ஆய்வு சொல்லாது. மெக்னீசியம் குறைவதும், பல ஆண்டுகளில் பி12 குறைவதும் அரிதாகச் சிறுநீரக அழற்சியும் நிஜமான விஷயங்கள். தேவைப்பட்டவருக்கு இவை எதுவும் மருந்தை மறுக்கக் காரணம் ஆகாது. தேவைப்படாதவருக்கு இந்தச் சிறிய ஆபத்துகூட எதற்கு?

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளி, ஐம்பதைத் தாண்டியவர், புகைப்பவர்: மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, மூச்சு வாங்கல் என்றால் அது கேஸ் இல்லை என்று இசிஜி எடுத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். இதயத்தின் கீழ்ப்பகுதியில் வரும் மாரடைப்பு பல சமயம் வயிற்று வலியாகத்தான் ஆரம்பிக்கும். கோலி சோடா குடித்துக் காத்திருந்து விலைமதிப்பற்ற இரண்டு மணி நேரத்தை இழந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அதேபோல உணவு விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்த வாந்தி இருந்தால் மாத்திரையோடு நிற்காமல் எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

இப்போது மோட்டாரை முடக்குவதிலும் புதுத் தலைமுறை வந்துவிட்டது. வோனோபிரசான் என்ற மருந்தை ஜப்பானின் டகேடா கம்பெனி 2015இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியக் கடைகளிலும் இப்போது கிடைக்கிறது, விலை கூடுதல். மோட்டாருக்குள் பொட்டாசியம் நுழையும் வாசலை இது அடைக்கிறது. அமிலத்தில் உருமாற வேண்டியதில்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் நாளே வேகம் பிடிக்கும். கிருமி ஒழிப்புக் கூட்டணியிலும் உணவுக்குழாய்ப் புண்ணிலும் நன்றாக நிற்கிறது. நீண்டகாலம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய மருந்துக்கு இருப்பது போல முப்பது நாற்பது ஆண்டு அனுபவம் இதற்கு இல்லை, காஸ்ட்ரினையும் அதைவிட அதிகமாகவே ஏற்றுகிறது. போன வாரம் எங்கள் தெரு மெடிக்கல் கடையில் ஒரு பாட்டி இந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" கடைப் பையன் சீட்டைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். "எப்ப வேணா போடலாம் பாட்டி." பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, "எதுக்கும் டாக்டரையே கேட்டுக்கறேன்" என்று படியிறங்கினார்.